களை சாறியிலா, பார்க்கிற கண்ணிலா?

கரையோர ரயில் (இழையைத் தொடங்கியவர்), சனி இரவு 9.40

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்கு ரொறன்ரோவில் கலியாணம். கூறை இங்கிருந்துதான் போக வேண்டும் என்று அம்மா ஒரே பிடி. வெள்ளவத்தைக் கடைகளில் ஏறி இறங்கிக் களைத்து, கடைசியில் இன்று புறக்கோட்டைக்குப் போனோம். ஒரு கடையில் இரண்டு சாறி மிஞ்சின. இரண்டும் சிவப்பு. இரண்டிலும் ஒரே அகலத்தில் பொன்கரை. விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. அம்மா இரண்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதில களை இல்லை. தூங்குது" என்றார்.

எங்கே தூங்குகிறது? நானும் பார்த்தேன். சிவப்பு, கரை, பூ. மற்றதிலும் சிவப்பு, கரை, பூ.

அங்கே நின்ற பெடியன் மற்ற சாறியை எடுத்து என் தோளில் போட்டு, "அக்கா, சிவப்பைப் பார்க்காதீங்க. மடிப்பு விழுற இடத்தைப் பாருங்க" என்றான். பார்த்தேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் சட்டென்று தெரிந்தது. துணி விழித்திருந்தது. வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. திரும்பி மற்றதைப் பார்த்தால் அது உண்மையிலேயே தூங்கிக்கொண்டுதான் இருந்தது. இப்போது எப்படி முயன்றாலும் இரண்டையும் பழையபடி ஒன்றாகப் பார்க்க முடியவில்லை.

பேருந்தில் வரும்போது முழுக்க இதே யோசனை. அவன் சொல்வதற்கு முன்பே அந்தக் களை அங்கே இருந்ததா? நான் அதைக் கண்டேனா, அவன் பேச்சுக்கு இணங்கினேனா? எனக்குக் கணக்காய்வு வேலை. இன்ன இன்ன இருந்தால் களை உண்டு என்று ஒரு பட்டியல் தந்தால் நிம்மதியாகத் தூங்குவேன்.

சந்தேகக்காரன், 9.58

இதில் என்ன தத்துவம்? அவனுக்குக் கமிஷன் இருக்கும், அவ்வளவுதான். "விழித்திருக்கிறது" என்று சொல்லிப் பழைய சரக்கைத் தள்ளிவிட்டான்.

கரையோர ரயில், 10.03

அண்ணா, அம்மா வேண்டாம் என்றதுதான் விலை கூடியது. 🙂

மூன்றாம் குறுக்குத்தெரு, 10.30

நான் அந்தக் கடைக்காரன் இல்லை, ஆனால் பட்டுத் துணிக்குள்ளேயே வளர்ந்தவன். உங்கள் உம்மா சரியாகத்தான் பார்த்திருக்கிறார். தூங்கின சாறியில் பாவும் (நெடுக்கே ஓடும் நூல்) ஊடையும் (குறுக்கே ஓடும் நூல்) ஒரே சிவப்பாக இருந்திருக்கும். மற்றதில் பாவு சிவப்பு, ஊடை வேறு நிறம், அநேகமாகக் கரும் அரக்கு. நேராகப் பார்த்தால் சிவப்புத்தான் தெரியும். மடிப்பு விழும் இடத்தில் வெளிச்சம் வேறு கோணத்தில் பட்டு ஊடை எட்டிப்பார்க்கும். மயில் கழுத்து நிறம் என்று சொல்வதும் இதே வேலைதான், நூல்தான் வேறு. கடைக்குள் டியூப்லைட் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். வாசலுக்குக் கொண்டுபோனதே பாதித் தீர்ப்பு.

சந்தேகக்காரன், 10.41

அப்படியென்றால் முடிந்தது. களை என்பது ஊடை நூலின் நிறம். பட்டியல் கேட்டீர்கள், கிடைத்துவிட்டது. கடையைப் பூட்டலாம்.

மூன்றாம் குறுக்குத்தெரு, 10.52

பூட்டாதீங்க மச்சான். அதே பாவு, அதே ஊடை, அதே தறியில் நெய்த சாறி எத்தனையோ என் கையால் விற்றிருக்கிறேன். ஒன்று கம்பீரமாக நிற்கும், பக்கத்தில் இருப்பது நாடக உடுப்பு மாதிரிப் பளபளக்கும். பூ கொஞ்சம் பெரிதாகிவிட்டால் போதும். இரட்டை நிறம் இருந்தால் களை என்று எழுதி வைத்துக்கொண்டு கொள்முதல் செய்தால் ஒரே தீபாவளியோடு கடனாளி ஆகிவிடலாம்.

பழைய மாணவன், 11.20

பட்டியல் கேட்ட பிள்ளைக்கு: மூன்றாம் குறுக்குத்தெரு நானா இப்போது சொன்னதை ஃபிராங்க் சிப்லி என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1959இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அழகியல் என்ற இந்தத் துறையில் இன்றைக்கும் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அவர் சொற்களை இரண்டாகப் பிரித்தார். சிவப்பு, அகலம், வளைவு என்பவை கண் சரியாக இருந்தால் யாருக்கும் தெரியும். நளினம், கம்பீரம், சோர்வு, கச்சிதம் என்பவற்றுக்குக் கண் மட்டும் போதாது, ரசனை வேண்டும். இரண்டாவது வகை முதலாவதைத் தாங்கித்தான் நிற்கிறது. ஊடையை மாற்றினால் களை போய்விடும். ஆனாலும் முதல் வகையில் எத்தனை வரி எழுதிக் கொடுத்தாலும் அதிலிருந்து இரண்டாம் வகையைக் கணக்குப் போட்டுப் பெற முடியாது. வெளிறிய நிறம், மெல்லிய கோடு, வளைவு என்று ஒரு படத்தை நான் தொலைபேசியில் விவரித்தால், அது நளினமாக இருக்கலாம், சோகை பிடித்தும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும்.

கடைப் பெடியனுக்கும் அந்தக் கட்டுரையில் இடமுண்டு. விமர்சகன் என்ன செய்கிறான் என்று சிப்லி கேட்கிறார். அவன் எதையும் நிரூபிப்பதில்லை. சும்மா தெரிகிற ஒன்றைச் சுட்டிக்காட்டுவான், உவமை சொல்வான், கையை ஆட்டுவான், சொன்னதையே திருப்பிச் சொல்வான். கேட்பவன் ஒரு கட்டத்தில் தானே கண்டுகொள்வான். "மடிப்பைப் பாருங்க" என்பதற்கு மேல் எந்த விமர்சகனும் பெரிதாக ஒன்றும் செய்துவிடுவதில்லை. (பத்திரிகைகளில் எழுதுகிற எங்கள் ஆட்களில் பலர் அதைக்கூடச் செய்வதில்லை. கதைச் சுருக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள். அது வேறு கதை.)

கரையோர ரயில், 11.31

சேர், அப்படியென்றால் தங்கச்சியின் நிலை என்ன? அவளுக்கு வட்ஸ்அப்பில் படம்தான் போனது. "அம்மா சொன்னால் சரி, நல்ல களையான சாறி" என்று தன் சிநேகிதிகளுக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

பழைய மாணவன், 11.44

அவள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்லும் உரிமை அவளுக்கு இன்னும் வரவில்லை. மருத்துவர் சொன்னார் என்று "எனக்குச் சர்க்கரை வருத்தம்" எனலாம். அம்மா சொன்னார் என்று "அழகு" எனும்போது ஏதோ இடிக்கிறது. அழகைப் பற்றிய தீர்ப்பை நேரில் கண்டவர்தான் சொல்ல வேண்டும், கைமாற்றாக வாங்க முடியாது என்று ரிச்சர்ட் வோல்ஹைம் என்ற தத்துவவாதி இதற்கு ஒரு விதியே வகுத்தார். கொஞ்சம் கறாரான விதி. இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்.

சாயத்தண்ணி, ஞாயிறு காலை 6.15

இரவு வேலை அலுப்பில் தூங்கிவிட்டேன், இப்போதுதான் வாசிக்கிறேன். அம்மா "தூங்குது" என்றதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். நாங்கள் தினமும் சொல்வது அதுதான்.

எனக்குக் கொழும்பில் ஒரு தேயிலைத் தரகர் நிறுவனத்தில் ருசி பார்க்கிற வேலை. ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு தேயிலையையும் குடித்துப் பார்த்து மதிப்புப் போடவேண்டும். நீளமான மேசையில் கோப்பைகள் வரிசையாக இருக்கும். 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். இதற்குச் சர்வதேச நியமமே இருக்கிறது. கரண்டியால் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவோம். ப்ரிஸ்க் என்றால் நாக்கில் சுறுக்கென்று உயிரோடு இருப்பது. ஃப்ளாட் என்றால் செத்தது. அம்மாவின் மொழியில் தூங்கினது.

இதை எண்ணால் அளக்க முடியாதா என்று கேட்பீர்கள். தியாஃபிளேவின் என்று ஒரு பொருள் இருக்கிறது, தேத்தண்ணியின் பளிச்சும் சுறுக்கும் பெரும்பாலும் அதிலிருந்து வருபவை. ஆய்வுகூடம் அளந்து சொல்லும். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரும் விலை சொல்வதில்லை. கொழும்பு ஏலம் 1883இல் தொடங்கியது, 2020இல் கொரோனாவோடு இணையத்துக்குப் போனது. கை தூக்கிக் கூவுவது நின்றுவிட்டது. உறிஞ்சித் துப்புவது நிற்கவில்லை.

புதிதாகச் சேர்ந்தபோது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. எல்லாம் தேத்தண்ணி. மூத்தவர் ஒருவர், "நாக்கின் நுனியை விடு, ஓரத்தைக் கவனி" என்றார். பல வாரம் கழித்து ஒரு நாள் ஓரத்தில் சுறுக்கென்றது. உங்கள் மடிப்புக் கதைதான் அக்கா.

சந்தேகக்காரன், 8.05

இதற்காகத்தான் காத்திருந்தேன். 2001இல் பிரான்சின் போர்தோவில் ஒரு சோதனை நடத்தினார்கள். வைன் சாஸ்திரம் படிக்கும் மாணவர்கள் 54 பேர். வெள்ளை வைனில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். மணத்தை விவரிக்கச் சொன்னபோது சிவப்பு வைனுக்கு வழக்கமாகச் சொல்கிற சொற்களையே அடுக்கினார்கள். பயிற்சி பெற்ற மூக்கு! கண் சொன்னதை மூக்கு திருப்பிச் சொன்னது. தேத்தண்ணி வித்தியாசமாக இருக்கும் என்று எப்படி நம்புவது?

சாயத்தண்ணி, 8.40

நல்ல அடி அண்ணா. அதை மறுக்கமாட்டேன். தோட்டத்தின் பெயர் தெரிந்தால் நாக்கு சாயும் என்று எங்களுக்கும் தெரியும்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நுவரெலியாத் தூளை ருகுணுத் தூள் என்று நினைத்துக் குடித்தால் "வெறும் தண்ணி" என்பீர்கள். ருகுணுவை நுவரெலியா என்று நினைத்துக் குடித்தால் முரடு என்பீர்கள். ஒன்று 4000 அடிக்கு மேல் விளைவது, மற்றது 2000 அடிக்குக் கீழே. எந்த மலையின் கொழுந்து என்று தெரிந்து குடிக்கும்போதுதான் நுவரெலியாவின் மென்மை மென்மையாகத் தெரியும். அந்த இடத்தில் முன்கூட்டியே தெரிந்திருப்பது நாக்கை ஏமாற்றவில்லை, திறந்துவிடுகிறது. எப்போது ஏமாற்றும், எப்போது திறக்கும் என்று கேட்காதீர்கள், எனக்குச் சொல்லத் தெரியாது.

பழைய மாணவன், 9.10

தம்பி, நீங்கள் தரகர் அல்ல, தத்துவ ஆசிரியர். கெண்டல் வால்ட்டன் என்ற தத்துவவாதி 1970இல் எழுதியது இதுதான். அவர் ஒரு கற்பனை ஊரைச் சொல்கிறார். அங்கே ஓவியமே கிடையாது. ஆனால் பிக்காசோ 1937இல் வரைந்த குவெர்னிக்காவின் அதே நிறம், அதே உருவத்தோடு புடைப்புச் சிற்பங்கள் செய்கிறார்கள். ஒன்றில் மேடு பள்ளம் அதிகம், இன்னொன்றில் அலை அலையாக இருக்கும். அந்த ஊராரிடம் உண்மையான குவெர்னிக்காவைக் காட்டினால் என்ன சொல்வார்கள்? எங்களுக்கு அதில் வன்முறையும் கதறலும் தெரிகிறது. அவர்களுக்கு அது தட்டையான, குளிர்ந்துபோன, செத்த வேலையாகத் தெரியும். கண்ணில் விழுவது ஒன்றேதான். எந்த வகையில் சேர்த்துப் பார்க்கிறோம் என்பது மாறுகிறது, அதோடு தெரிவதும் மாறுகிறது. எந்த வகையில் சேர்த்தாலும் சரி என்று வால்ட்டன் விட்டுவிடவில்லை. செய்தவர் எதற்காகச் செய்தார், எந்த மரபில் நின்று செய்தார் என்பதெல்லாம் சரியான வகையைத் தீர்மானிக்கும் என்கிறார். நம் தம்பியின் மலை உயரம் மாதிரி.

ஆரோகணம், 10.25

பம்பலப்பிட்டியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன். பட்டியல் கேட்ட பிள்ளைக்கு என் பங்குக்கு ஒன்று.

முகாரி, பைரவி என்று இரண்டு ராகங்கள். இறங்கும்போது இரண்டுக்கும் ஒரே ஸ்வரங்கள்: ஸ நி த ப ம க ரி ஸ, நிஷாதம் தைவதம் காந்தாரம் எல்லாம் ஒரே வகை. எழுதிக் காட்டினால் நகல் எடுத்த மாதிரி இருக்கும். பாடிக் காட்டினால் கொஞ்சம் காது பழகினவர்கள்கூட இரண்டாவது வினாடியில் பிரித்துவிடுவார்கள். எங்கே அசைக்கிறோம், எங்கே நின்று மூச்சு விடுகிறோம் என்பதில் இருக்கிறது எல்லாம். ஸ்வரப் பட்டியல் கையில் இருந்தும் ராகம் கையில் இல்லை.

"முகாரி பாடுறான்" என்றால் அழுகிறான் என்றாகிவிட்டது நம்முடைய பேச்சில். ஆனால் சபரி பெற்ற பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று தியாகராஜர் பூரித்துப் பாடியதும் முகாரிதான். பெயரைக் கேட்டவுடன் சோகத்தை எதிர்பார்த்து உட்காருகிறவர்களுக்கு அந்தப் பூரிப்பு கேட்பதேயில்லை. போர்தோ மாணவர்கள் மாதிரி. ஆகவே சந்தேகக்காரத் தம்பிக்கும் பாதி மதிப்பெண் போடுகிறேன்.

நெல்லிமரம், 1.50

வாசித்துக்கொண்டே வந்தேன். எல்லோரும் சாறி, தேத்தண்ணி, ராகம் என்று சொகுசாகக் கதைக்கிறீர்கள். களை என்ற சொல்லை நாங்கள் அதிகம் பாவிப்பது எங்கே? பெண் பார்க்கும் இடத்தில்.

"கறுப்பென்றாலும் களையான பிள்ளை." என் பதினாறு வயதிலிருந்து என்னைப் பற்றி இதைக் கேட்டிருக்கிறேன். பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்வார்கள். அந்த "என்றாலும்" எங்கிருந்து வந்தது? ரசனை, பயிற்சி, பழகின கண் என்கிறீர்களே, அந்த மாமிகளின் கண்ணும் பழகின கண்தான். தலைமுறை தலைமுறையாகப் பழகினது. அவர்கள் எதையோ நேராகக் காண்கிறார்கள் என்று சிப்லியும் வால்ட்டனும் சான்றிதழ் கொடுப்பார்களா?

சந்தேகக்காரன், 2.05

நன்றி அக்கா. நான் வளைத்து வளைத்துச் சொல்ல வந்ததை நேராகச் சொல்லிவிட்டீர்கள். பியேர் பூர்தியு என்ற சமூகவியலாளர் 1979இல் பிரெஞ்சுக்காரரின் ரசனையை வர்க்கத்தோடு வைத்து ஆராய்ந்து ஒரு தடித்த புத்தகமே எழுதினார். எனக்கு இது அழகு, உனக்கு அது அழகு என்பதில் பாதி, நான் யார் வீட்டுப் பிள்ளை என்று காட்டும் வேலை. பணக்காரரின் கொழும்பு 7இல் ஒரு களை, சாமானியரின் கொட்டாஞ்சேனையில் ஒரு களை.

பழைய மாணவன், 4.30

இரண்டு மணித்தியாலம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். பிள்ளையின் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்றே ஒன்றைப் பாருங்கள். அந்த மாமிகளிடம் ஒரு பட்டியல் இருந்தது: வெள்ளை என்றால் அழகு, கறுப்பு என்றால் இல்லை. கேவலமான பட்டியல், ஆனால் பட்டியல். அதன்படி உங்களைக் கழித்திருக்க வேண்டும். கழிக்க முடியவில்லை. கண் வேறொன்றைக் கண்டுவிட்டது, அதை மறைக்கவும் தெரியவில்லை. பட்டியலை விடவும் மனமில்லை. அந்த "என்றாலும்" என்பது பட்டியலும் கண்ணும் மோதிக்கொண்ட சத்தம். நான் அப்படித்தான் கேட்கிறேன்.

நெல்லிமரம், 4.52

நன்றாக இருக்கிறது சேர். ஆனால் எனக்கு ஆறுதல் வேண்டியதில்லை. கண் வென்றது என்கிறீர்கள். என் அனுபவத்தில் கண் ஒரு வரிதான் பேசியது, கலியாணத்தைப் பட்டியல்தான் தீர்மானித்தது.

பழைய மாணவன், 5.01

உண்மை. தலை குனிகிறேன்.

சாயத்தண்ணி, 5.40

நெல்லிமரம் அக்கா, என் அப்பாயி முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். நல்ல தூள் கப்பலேறிப் போகும், தோட்டத்து லயத்துக் காம்பராவுக்கு வந்தது டஸ்ட் என்ற பொடித்தூள்தான். அவரிடம் ஒரு நல்ல மலைத்தூளைக் கொண்டுபோய் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு "இதுல என்னடா இருக்கு, வெந்நி" என்றார். அன்றைக்குச் சிரித்தேன். இப்போது சிரிக்க வரவில்லை. ஒருவேளை அவருக்குப் பழக்கமில்லை. ஒருவேளை அவருடைய தேத்தண்ணியை எனக்குத்தான் குடிக்கத் தெரியவில்லை.

ஆரோகணம், 7.15

சேர், தொல்காப்பியத்தில் இதைப்பற்றி ஏதோ வருமே?

பழைய மாணவன், 8.00

மெய்ப்பாட்டியலின் (உள்ளத்து உணர்ச்சி உடலில் தெரிவதைப் பற்றிய இயல்) கடைசி நூற்பா ரீச்சர். நகை, அழுகை, இளிவரல் என்று எட்டையும் அவற்றின் விரிவையும் சொல்லி முடித்துவிட்டு,

"கண்ணினும் செவியினும் திண்ணிதின் உணரும்
உணர்வுடை மாந்தர்க் கல்லது தெரியின்
நன்னயப் பொருள்கோள் எண்ணருங் குரைத்தே"

என்கிறார். கண்ணாலும் காதாலும் திண்ணமாக உணரத் தெரிந்தவர்களுக்கல்லாமல் மற்றவர்களுக்கு இது எட்டுவது அரிது. எனக்கு இதில் பிடித்தது கண்ணையும் செவியையும் முதலில் வைத்தது. மெய்ப்பாடு ஒரு அனுமானம் இல்லை, கண்டு கேட்டு அறிவது. பிடித்த இரண்டாவது சொல் "திண்ணிதின்".

சந்தேகக்காரன், 8.09

உணர்வுடை மாந்தர் யார் என்று யார் தீர்மானிப்பது? அதை மட்டும் அவரும் சொல்லாமல் போய்விட்டார்.

பழைய மாணவன், 8.33

சொல்லவில்லைதான். நேரம் கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் போய், பொலன்னறுவையில் கிடைத்த சுந்தரமூர்த்தி நாயனார் வெண்கலத்துக்கு முன்னால் நில்லுங்கள். ஆனந்த குமாரசுவாமி 1914இல் அங்குள்ள வெண்கலங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1877இல் கொழும்பில் பிறந்தவர், அருங்காட்சியகம் திறந்ததும் அதே ஆண்டுதான். முதலில் கதையைத் தெரியாதவர் போல் பாருங்கள்: நகை போட்ட ஓர் இளைஞன். பிறகு, கலியாணப் பந்தலில் கிழவன் ஒருவன் வந்து "நீ என் அடிமை" என்று ஓலை காட்டிய கதையை நினைத்துக்கொண்டு பாருங்கள். எனக்கு அந்த முகம் இரண்டாவது தடவை திடுக்கிட்டு நின்றது. கதை முகத்துக்குள் புகுந்ததா, முகத்தில் இருந்ததைக் கதை காட்டியதா? நீங்கள் போய் வந்து என்னோடு சண்டை போடுங்கள். நேரில் பார்க்காமல் போடும் சண்டை எனக்கு வேண்டாம்.

சந்தேகக்காரன், 8.36

வருகிறேன் சேர். டிக்கெட் உங்கள் செலவு.

கரையோர ரயில், மூன்று வாரத்துக்குப் பிறகு

இழையைத் தூசு தட்டுகிறேன், மன்னியுங்கள். சாறி போய்ச் சேர்ந்துவிட்டது. நேற்றிரவு தங்கச்சி வீடியோவில் வந்தாள். பொதியைப் பிரித்து யன்னலோரம் பிடித்தாள். வெளியே பனி, அதனால் வெளிச்சம் வெள்ளையாக அடித்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அக்கா, இது ஏன் கோபமாக இருக்கு?" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. அம்மா தொலைபேசியைப் பறித்துச் சிரிசிரியென்று சிரித்தார். "கூறை அப்படித்தான் பிள்ளை இருக்கவேணும். கண்டுட்டாய்" என்றார். என் திரையில் தெரிந்தது வெறும் சிவப்பு.

அம்மா களை என்றார், எனக்கு விழிப்பு என்று பட்டது, அவள் கோபம் என்கிறாள். மூன்று பேரும் ஒன்றைத்தான் பார்த்தோமா என்று இன்னும் குழப்பம். ஆனால் பிடிக்கவில்லையா என்று கேட்டதற்கு, "பிடிக்கிறது பிடிக்காதது வேறு, இது அழகு" என்றாள். 1790இலேயே தத்துவவாதி காண்ட் அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறார் என்று சேர் சொல்வார். அவள் காண்டை வாசித்தவளில்லை. மருந்தகத்தில் வேலை செய்கிறவள்.

மூன்றாம் குறுக்குத்தெரு, 20 நிமிடம் கழித்து

மாஷா அல்லாஹ், நல்ல செய்தி தங்கச்சி. ஒன்று மட்டும் அவசரமாகச் சொல்லிவிடுங்கள். சட்டைத் துணியை வெட்டும்போது பாவின் திசை மாறாமல் வெட்டச் சொல்லுங்கள். இரட்டை நிறத் துணி, குறுக்கே திருப்பி வெட்டினால் கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறமாகத் தெரியும்.

கரையோர ரயில்

நானா, காலையிலேயே தையல்காரியிடம் கொடுத்துவிட்டாளாம். இப்போதே எடுத்துக் கேட்கிறேன்.